தாத்தாவின் மூக்குக் கண்ணாடி

பள்ளிக்கூடம் போகும் குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது. இது என் அநுபவம். உங்கள் அநுபவமும் அதுவாகத்தான் இருக்கும். வெளியில் சொல்லிக்கொள்ளாமல் இருப்பீர்கள்.

கைக்குழந்தை இருக்கிறதே, அது சாது. அழும், பால் கொடுத்தால் தூங்கிவிடும். காலேஜில் படிக்கிற பிள்ளையாலும் தொந்தரவு கிடையாது. அது நம்மோடு பேசினால் அல்லவா தொந்தரவு! நடுவிலே ஏழு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் ஒரு பருவம் வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. காலையில் பல் துலக்கும்போது "ஏன்?" என்று ஆரம்பித்தால், ராத்திரி கொட்டாவிக்கு நடுவில் "எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடும். பதில் தெரியாத கேள்விக்கு, "அப்புறம் சொல்கிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? "எத்தனை மணிக்கு?" என்று கேட்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். வயது எட்டு. மூன்றாம் வகுப்பு. அவருடைய பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்பது எனக்குக் கண்டிப்பான உத்தரவு. அவருக்கு முன்பல் விழுந்த கதையை ஒரு தடவை எழுதிவிட்டேன். வகுப்பில் அவர் மானமே போய்விட்டதாம். ஆகவே, இந்தக் கட்டுரையில் அவரைச் சிரஞ்சீவி என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து கைபேசியில் உத்தரவு வந்துவிட்டது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரோடு சேர்ந்து குழந்தை பத்துக் கதைகள் வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் குழந்தை வாசித்தால், அடுத்த பக்கம் பெரியவர். கதை முடிந்ததும் பெரியவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பத்துக் கையெழுத்துச் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம்.

அருமையான யோசனைதான். ஆனால், பகலெல்லாம் காரியாலயத்தில் மற்றவர்கள் எழுதியதை வாசித்துவிட்டு வரும் எனக்கு, வீட்டிலும் பத்துக் கதை வாசிக்கத் தெம்பு ஏது? என் கணவரோ, கதை வாசிக்க உட்கார்ந்தால் முதல் பாராவிலேயே தூங்கிவிடுவார், குழந்தை விழித்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"படவேட்டிலே தாத்தா இருக்காரே! அவரோட வாசியேன்!" என்றேன்.

சிரஞ்சீவி உடனே பேனாவை எடுத்து, அட்டையில் "பெரியவர்: தாத்தா" என்று அழுத்தி எழுதினான். பென்சில் அல்ல, பேனா. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

படவேடு எங்கே இருக்கிறது என்று சென்னைச் சகோதரிகள் கேட்கலாம். பட்டுக்குப் பெயர்போன ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. சந்தவாசலைத் தாண்டி உள்ளே போனால் வாழைத் தோட்டங்களும், கோயில்களும், சில வீடுகளில் தறிச் சத்தமும் வரவேற்கும். நான் வாழ்க்கைப்பட்ட ஊர்.

பஸ்ஸில் போகும்போது என் கணவர் மகனுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். 'படைவீடு' என்பதுதான் படவேடு ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம் அது. படைகள் தங்கிய இடம். 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோதுகூட இந்தப் பகுதிக்குத் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்றுதான் பெயர் வைத்தார்கள் என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். சிரஞ்சீவி வாயைத் திறந்தபடி கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். சிரஞ்சீவி நாலா பக்கமும் பார்த்தான். எதிரே ஒரு இருபது வெள்ளாடுகள் சாவதானமாக வந்துகொண்டிருந்தன.

"படை எங்கேப்பா?" என்றான்.

"அதெல்லாம் எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி."

"அப்ப ஏன் இப்பவே பார்க்கப்போற மாதிரி சொன்னே?"

என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

மறுநாள் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனோம். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. மார்கழியானதால் நாங்கள் நிதானமாக வரிசையில் நின்றோம். வழியில் என்னவோ விஷமம் செய்ததற்காக, "அப்பா ஒன்று சொன்னால் மறு பேச்சுப் பேசக் கூடாது" என்று சிரஞ்சீவிக்கு அப்போதுதான் உபதேசம் செய்து முடித்திருந்தேன்.

அவன் ஆயா, அதாவது என் மாமியார், பேரனுக்குத் தலபுராணம் சொல்ல ஆரம்பித்தார். ஜமதக்கினி முனிவருக்கு மனைவி ரேணுகாதேவி. அவர் ஒரு நாள் கோபங்கொண்டு மனைவியின் தலையை வெட்டும்படி மகனுக்குக் கட்டளையிட்டார். பரசுராமர் மறு பேச்சுப் பேசாமல் அம்மாவின் தலையை வெட்டினார். அப்புறம் அப்பாவிடமே வரம் கேட்டு அம்மாவைப் பிழைக்க வைத்தார். சிரஞ்சீவி கதையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு என் கழுத்தை ஒரு தரம் பார்த்தான். அப்பாவை ஒரு தரம் பார்த்தான்.

"அம்மா! எதுக்கும் நான் மறு பேச்சுப் பேசிடறேன்மா!" என்றான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்தாறு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கே அந்தச் சட்டத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

* * *

இனி கதைக்கு வருகிறேன்.

என் மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இன்னமும் நெய்கிறார். வீட்டின் முன்னறையில் குழித்தறி இருக்கிறது. ஆரணியிலிருந்து பாவும் பட்டும் வாங்கி வந்து, புடவையாக்கிக் கொடுத்துக் கூலி வாங்குவார். அதிகம் பேசமாட்டார். ஆனால், என் கட்டுரை வெளியாகும் ஒவ்வொரு இதழையும் கல்யாணமானதிலிருந்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை பார்க்கும்போது, "எழுத்து முத்து முத்தா இருக்குதும்மா!" என்பார். எங்கள் காரியாலயத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆகையால் உலகத்திலேயே சிறந்த ரசிகர் அவர்தான் என்பது என் தீர்மானம்.

முதல் நாள் சாயங்காலம் சிரஞ்சீவி கதைப் புத்தகமும் அட்டையுமாகத் தறிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அவன் பக்கத்தை வாசித்து முடித்தான். புத்தகத்தைத் தாத்தாவிடம் நீட்டினான்.

"கண்ணாடிய எங்கியோ வச்சிட்டேன் கண்ணு. நீயே படி" என்றார் மாமனார்.

கண்ணாடி, ஆயாவின் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் அகப்பட்டது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

இரண்டாம் நாள் மறுபடியும் கண்ணாடியைக் காணோம். சிரஞ்சீவி வீட்டையே சோதனை போட்டான். அரிசி டின்னுக்குள் இருந்தது. "ஆயா, உங்க கண்ணாடி தானாவே நடக்குது!" என்று ரிப்போர்ட் செய்தான். "வயசாச்சுன்னா அப்படித்தான்டா" என்றார் ஆயா. கண்ணாடிக்கு வயசா, தாத்தாவுக்கு வயசா என்று விளக்கவில்லை.

மூன்றாம் நாள் கோழிக் கூடையின் கீழே கிடைத்தது. சிரஞ்சீவிக்குப் பொறுமை போய்விட்டது. தறியின் கீழே கிடந்த பட்டுக் கழிவு நூலைத் திரித்துக் கயிறாக்கிக் கண்ணாடியின் இரண்டு காதிலும் கட்டி, தாத்தாவின் கழுத்தில் மாலை போட்டுவிட்டான். "இனிமே எப்படி நடக்கும்னு பார்க்கிறேன்!"

மாமனார் மாலையோடு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை வாங்கினார். தூக்கிப் பிடித்தார். தள்ளிப் பிடித்தார்.

"வெளிச்சம் பத்தல கண்ணு."

சிரஞ்சீவி என் கைபேசியில் விளக்கைப் போட்டுப் பிடித்தான்.

"பல்லு வலிக்குது."

"கண்ணாலதானே தாத்தா வாசிக்கணும்?"

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குது."

இந்த இடத்தில் சிரஞ்சீவி ஒரு கேள்வி கேட்டான். "பாவிலே ஒரு இழை அறுந்தா நீங்கதானே கண்ணாடி போட்டுக் கண்டுபிடிச்சு முடிபோடறீங்க? இழை எழுத்தைவிட மெல்லிசாச்சே! அது தெரியுது, இது தெரியாதா?"

நியாயமான கேள்வி. பட்டப் படிப்புப் படித்து, ஊர் உலகத்தையெல்லாம் பேட்டி கண்டு எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொள்ளும் எனக்கு அந்தக் கேள்வி அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. தோன்றிய பிறகாவது யோசித்தேனா? இல்லை. "தாத்தாவைத் தொந்தரவு பண்ணாதே!" என்று பையனைத்தான் அதட்டினேன். பெரியவர்களுக்குப் பதில் தெரியாதபோது குழந்தைகளை அதட்டுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா?

"நான் படிக்கிறேன் வா" என்று ஆயா கூப்பிட்டுப் பார்த்தார். சிரஞ்சீவி அட்டையைக் காட்டினான். "பேனாவிலே எழுதிட்டேன் ஆயா. அழியாது."

* * *

படவேட்டில் யோக ராமர் கோயில் என்று ஒன்று உண்டு. நீங்கள் போனால் அவசியம் பாருங்கள். அங்கே ராமபிரான் வில்லும் அம்பும் இல்லாமல், சின்முத்திரை காட்டி, யோக நிலையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஆஞ்சநேயர் ஓலைச்சுவடி வைத்துக்கொண்டு வாசிக்கிறார். அநுமார் வாசிக்க, ராமர் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது ஐதிகம். சண்டைக்காரப் பெயர் கொண்ட ஊரில், ஆயுதத்தை வைத்துவிட்டுப் பாடம் நடத்தும் ராமர்!

நாலாம் நாள் விடியற்காலையில் எல்லோருமாகப் போனோம். மார்கழிக் குளிர். கையில் சுடச்சுடப் பொங்கல். சிரஞ்சீவி சந்நிதியில் ரொம்ப நேரம் நின்று பார்த்தான். பிறகு கோயில் முழுவதும் கேட்கும்படியான குரலில் கேட்டான்:

"ஏன் தாத்தா, ராமரும் கண்ணாடியைத் தொலைச்சுட்டாரா? ஆஞ்சநேயரே வாசிச்சுக் காட்டறாரே?"

ஆயா 'கொல்'லென்று சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மாமனாரைப் பார்த்தார். மாமனார் சிரிக்கவில்லை. ராமரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோதுதான், அஞ்சறைப் பெட்டியும் அரிசி டின்னும் கோழிக் கூடையும் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. கையிலிருந்த பொங்கல் தொண்டைக்குள் இறங்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் மாமனார் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பேரனைக் கூப்பிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"கண்ணு, தாத்தாவுக்குத் தொலஞ்சது கண்ணாடி இல்ல. எழுத்து."

"எப்போ தொலைஞ்சுது?"

"உன் வயசுல."

"எங்கே?"

"இதோ, இந்தக் குழியிலதான்."

சிரஞ்சீவி உடனே குப்புறப் படுத்து, தறிக்குழிக்குள் தலையை விட்டு, எழுத்து எங்கே விழுந்து கிடக்கிறது என்று தேட ஆரம்பித்தான்!

* * *

மாமனார் மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும் படித்தவர். ஆயாவின் கணக்குப்படி அது 1962-ஆம் வருஷம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். 1956-இல் தொடங்கிய மதிய உணவு பள்ளிக்கூடத்தில் கிடைத்ததால் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தாராம். ஆனால் வீட்டுத் தறிக்கு ஒரு சின்னக் கை தேவைப்பட்டது.

ஏன் சின்னக் கை? சகோதரிகள் உங்கள் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோர்வைப் பட்டுப் புடவையை எடுத்துப் பாருங்கள். உடல் ஒரு வர்ணம். கரை வேறு வர்ணம். அப்படி நெய்வதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. நெய்கிறவருக்குக் கை இரண்டுதானே? ஆகவே, ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கிடைக்கும் சொற்பக் கூலியிலும் பங்கு போய்விடும். வீட்டுப் பிள்ளை என்றால் செலவில்லை. அந்தக் காலத்தில் நெசவு வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் பலகையிலிருந்து தறிக்கு வந்தார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் பல் பல்லாகத் தெரிகிறதே, அந்தச் சந்திப்பைத் தடவிப் பாருங்கள். ஏதோ ஒரு பையனுடைய மூன்றாம் வகுப்பு அதற்குள்ளே இருக்கக் கூடும்.

"ஒரு புடவைக்குத்தான்டா வான்னு எங்க நைனா கூப்பிட்டாரு" என்றார் மாமனார். "அந்தப் புடவை இன்னும் முடியல."

பேரனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பிறகு பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி சட்டப்படி உரிமை ஆகிவிட்டது. 1990-களில் அறிவொளி இயக்கத்தார் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தர வந்தபோது, மாமனார் வேலை இருக்கிறது என்று குழியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். "மகன் காலேஜுக்குப் போறான், அப்பன் அனா ஆவன்னாவான்னு ஊர் சிரிக்காதா?" என்பது அவர் கவலை. 2011-ஆம் வருஷத்து மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இந்த எண்பதை என் கட்டுரைகளில் பல தடவை பெருமையோடு எழுதியிருக்கிறேன். மீதி இருபதில் ஒருவர் என் வீட்டிலேயே கண்ணாடியை ஒளித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் ஆயா ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே, நான் அனுப்பிய இதழ்கள் அத்தனையும் தேதிவாரியாக, மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. என் முகம் போன போக்கைப் பார்த்து ஆயாவே சொன்னார்:

"நான் அஞ்சாவது வரைக்கும் போனவளாச்சே! ராத்திரியிலே நான் படிப்பேன், அவரு கேப்பாரு. எங்கெங்க நீ நல்லா எழுதியிருக்கேன்னு அவருக்குத்தான் தெரியும். பேரனுக்குப் பல்லு விழுந்த கதைய மூணு தரம் படிக்கச் சொன்னாரு."

அப்படியானால் ராமர் கோயிலில் பையன் கண்டது சரிதான். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் கேட்கிறார். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக அந்தக் கோயில் நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத்தான் தரிசனம் கிடைக்கவில்லை.

* * *

சிரஞ்சீவி இந்தச் சோகமெல்லாம் படவில்லை. அவனுக்கு உடனடிப் பிரச்சினை நட்சத்திரம். இன்னும் ஆறே நாள் இருந்தது.

"நான் சொல்லித் தர்றேன் தாத்தா. ஆனா நான் ரொம்ப ஸ்டிரிக்ட்!" என்று எச்சரித்தான்.

மறுநாளே தறி அறையில் பாடசாலை ஆரம்பமாகிவிட்டது. வாத்தியாருக்கு வயது எட்டு. மாணவருக்கு எழுபத்துச் சொச்சம். முதல் வார்த்தை 'பட்டு'. சிரஞ்சீவி சிலேட்டில் 'ப' எழுதினான். மாமனார் உற்றுப் பார்த்தார்.

"மேலே திறந்திருக்குது, மூணு பக்கமும் சுவரு. இது தறிக்குழியாச்சே!"

அடுத்தாற்போல் 'ட'.

"குழியிலே ஒரு பக்கத்துச் சுவரு இடிஞ்சு போச்சு!"

எனக்கு இத்தனை வருஷம் 'ப' வெறும் 'ப'வாகத்தான் தெரிந்தது. இனிமேல் தறிக்குழியாகத்தான் தெரியும்.

'பட்டு' முழுவதும் எழுதி முடித்ததும் மாமனார் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "மூணே எழுத்துதானா? இதுக்கா அறுபது வருஷமா நெய்யறேன்?" என்றார்.

இரண்டாம் நாள் வீட்டுப் பாடம் எழுதவில்லை. ஒரு பாவை முடித்துக் கொடுக்கும் அவசரம். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெஞ்சு மேல ஏறி நில்லுங்க!" என்றான்.

"நான்தான் ஏற்கெனவே குழியிலே நிக்கறேனே சார்!" என்றார் மாணவர்.

வாத்தியார் யோசித்தார். பெஞ்சுக்கு மேலே ஏறுவது தண்டனையானால், குழிக்குள் இருப்பது அதைவிடப் பெரிய தண்டனையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து மன்னித்துவிட்டார்.

இந்தப் பாடசாலையில் வாத்தியாரும் ஒரு பாடம் படித்தார். தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டைகள் மாலைபோல் அதிலிருந்து தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. அப்படி எழும்பியும் எழும்பாமலும்தான் மாங்காயும் அன்னமும் புடவையில் உருவாகின்றன. 1804-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய உபாயம் இது. சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பெரிய கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றுக்குத் திட்டம் போட்டபோது, இந்த அட்டை யோசனையைத்தான் கடன் வாங்கினார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தார். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு, ஆரணிப் பட்டுத் தறிக்கு மேலே தொங்குகிற அட்டையும் ஒரு வகையில் பாட்டன் முறை.

மாமனார் அட்டை மாலையைத் தடவிக்கொண்டே, "இங்கே அன்னத்தோட மூக்கு ஆரம்பிக்குது. இங்கே கழுத்து வளையுது" என்றார். சிரஞ்சீவி பிரமித்துவிட்டான். சமையலறைக்கு ஓடி வந்து என் காதில் ரகசியமாகச் சொன்னான்:

"அம்மா! தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னது? வேற எழுத்துப் படிக்கிறாரும்மா!"

* * *

பத்துக் கதைகளும் ஒரு வழியாக முடிந்தன. சிரஞ்சீவி இரண்டு பக்கங்களையும் தானே வாசித்தான், தாத்தா கேட்டார், நடுநடுவே தெரிந்த எழுத்து வந்தால், "நில்லு, இது குழி!" என்று கையை வைப்பார். ஒன்பது கதைக்கும் அவர் வழக்கமான கையெழுத்தைப் போட்டார். பாங்கில் போடுவதற்காக யாரோ சொல்லிக் கொடுத்த கையெழுத்து அது. பூ டிசைன் மாதிரி ஒரே இழுப்பில் வரும். அதில் எந்தக் கோடு எந்த எழுத்து என்பது அவருக்கே தெரியாது.

பத்தாவது கதைக்கு மட்டும், நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, 'தாத்தா' என்று எழுதினார். இரண்டாவது 'தா' கொஞ்சம் மலையேறிவிட்டது.

விடுமுறை முடிந்து அட்டை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. மறுநாள் சிவப்பு மையில் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: "ஒன்பது கையெழுத்து ஒரு மாதிரியும் பத்தாவது வேறு மாதிரியும் இருப்பது ஏன்? விளக்கம் தேவை."

நான் பேனாவை எடுத்து, எப்படி எழுதுவது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிரஞ்சீவி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுதிவிட்டான்:

"மிஸ், மத்ததெல்லாம் கையெழுத்து. கடைசியிலே இருக்கிறதுதான் எழுத்து."

அதற்குக் கீழே முழுக் கதையையும் எழுதியிருந்தான். ராமர் கண்ணாடியைத் தொலைத்தது உட்பட. அவனுடைய ஆசிரியை ஒரு நட்சத்திரத்துக்குப் பதிலாக இரண்டு கொடுத்தார். ஒன்று சிரஞ்சீவியின் நோட்டில் இருக்கிறது. இன்னொன்று படவேட்டில், ஜக்கார்டு பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது.

மாமனாரின் ரகசியத்தை ஒரு மருமகள் இப்படி அச்சில் போடலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் பயந்தேன். டெலிபோனில் அநுமதி கேட்டேன். "எழுதும்மா! ஆனா இந்தத் தடவை உங்க அத்தை படிக்க வேணாம். நானே படிச்சுத் தப்புக் கண்டுபிடிக்கிறேன்" என்றார்.

நாளைக்கு இரண்டு வரிதான் ஓடுகிறதாம். இந்தக் கணக்கில் போனால் இந்தக் கட்டுரையின் கடைசி வரிக்கு அவர் வந்து சேர ஆடி மாதம் ஆகிவிடும். ஆகவே, நேயர்களே! அடுத்த ஆடியில் ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் படவேட்டுக்குப் போகிறவர்கள், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில், கழுத்தில் பட்டுக் கயிற்றோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு, பத்திரிகையும் கையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், தயவு செய்து முடிவை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்!